கப்பலில் வந்த கைப்பையா? ஏமாறாதீர்கள்!

"அக்கா, இது பாரிஸ் பை. கப்பலில் வந்த சரக்கு. கடையில் லட்ச ரூபாய். உங்களுக்கு ஐயாயிரம்தான்!"

இப்படி ஒருவர் வாசலில் வந்து நின்றால் என்ன செய்வீர்கள்?

கீழவாஞ்சூரில் இந்தப் பேச்சு எடுபடும். ஊரிலேயே துறைமுகம் இருக்கிறதே! ஆனால் 2009-ல் தொடங்கிய இந்தத் துறைமுகத்தில் பெரும்பாலும் இறங்குவது நிலக்கரி. பாரிஸ் கைப்பை அல்ல!

பாதி விலையா?

லூயி வுய்ட்டான் என்பது 1854-ல் பாரிசில் தொடங்கிய கம்பெனி. புதுப் பைகளைத் தன் சொந்தக் கடைகளிலும் சொந்த இணையதளத்திலும்தான் விற்கிறது. தள்ளுபடி விற்பனை கிடையாது. ஆகவே புதுப் பையைப் "பாதி விலை" என்று யாராவது சொன்னால், அதுவே போலிக்கு அடையாளம்!

போலி இன்று பிறந்ததல்ல. எழுத்தும் பூவும் கலந்த அந்தக் கம்பெனியின் சித்திரமே போலிகளைத் தடுக்க 1896-ல் உண்டாக்கப்பட்டதுதான். இன்று அந்தச் சித்திரத்தையே போலி செய்கிறார்கள்!

பாரிசில் வரும் வினை

பிரெஞ்சு ஆட்சி 1954-ல் காரைக்காலை விட்டுப் போயிற்று. உறவு போகவில்லை. இங்குள்ள பல குடும்பங்களின் பிள்ளைகள் பிரான்சில் இருக்கிறார்கள்.

மகளைப் பார்க்கப் போகும் தாய், போலிப் பையை மாட்டிக்கொண்டு போனால் என்ன ஆகும்? அந்நாட்டுச் சுங்க அதிகாரிகள் பையைப் பறிமுதல் செய்யலாம். அசல் பையின் விலையைப்போல் இரண்டு மடங்கு வரை அபராதம் விதிக்கலாம். 3 ஆண்டு வரை சிறைக்கும் சட்டத்தில் இடம் உண்டு. மலிவுப் பை எவ்வளவு பெரிய விலை கேட்கிறது, பார்த்தீர்களா?

பழைய பை வாங்கலாமா?

வாங்கலாம். ஒருவர் உபயோகித்த அசல் பையை வாங்குவதில் இழிவு இல்லை. ஆனால் அவசரம் கூடாது.

முதலில் கடை ரசீதைக் கேளுங்கள். தையலைப் பாருங்கள், இடைவெளி ஒரே சீராக இருக்கவேண்டும். இந்தக் கம்பெனியின் பல பைகளில் கைப்பிடி சாயம் ஏற்றாத தோல். நாளாக நாளாகத் தேன் நிறம் ஏறும். "பத்து வருஷப் பை" என்கிறார். கைப்பிடி மட்டும் வெளுப்பாக இருக்கிறது. ஏன் என்று கேளுங்கள்!

உள்ளே நம்பர் இருப்பதாலேயே நம்பிவிடாதீர்கள். நம்பரையும் போலியாக அடிக்கலாம். 2021 முதல் நம்பருக்குப் பதிலாகப் பைக்குள் சிப் வைக்கிறார்கள்.

"போலி என்றால் பணம் திருப்பித் தருவேன்" என்று எழுதி வாங்குங்கள். எழுதித்தர மறுப்பவரிடம் வாங்காதீர்கள். பையைக் கண்ணால் பாராமல் முன்பணம் அனுப்பாதீர்கள். கடைக்காரர் ஏமாற்றினால் 1915 என்ற நுகர்வோர் எண் இருக்கிறது. இணையத்தில் பணம் பறிபோனால் உடனே 1930-க்குச் சொல்லுங்கள்.

பெயரா, பையா?

லட்ச ரூபாய் இல்லையா? வெட்கப்பட ஒன்றும் இல்லை. நம் புதுச்சேரியில் 1978-ல் சிறு பட்டறையாகத் தொடங்கிய ஹைடிசைன் தோல் பைகள் வெளிநாட்டிலும் விற்கின்றன. ஆம்பூர், ராணிப்பேட்டைத் தோலுக்கும் உலகில் மதிப்பு உண்டு.

பிறர் பார்க்கவேண்டும் என்று பொய்ப் பெயரைத் தோளில் சுமப்பானேன்? பெயர் இல்லாவிட்டாலும் நல்ல தோலில் செய்த பை பத்து வருஷம் உழைக்கும். யாருக்கும் பயப்படாமல் மாட்டிக்கொண்டு போகலாம்!