தலைக்கு என்ன விலை?

ஹாக்கி என்றவுடன் பச்சைப் புல்வெளியை நினைத்துக்கொள்ள வேண்டாம். இது ஐஸ் ஹாக்கி. கனடாவிலும் அமெரிக்காவிலும் நடக்கும் என்.எச்.எல் லீக் சமாச்சாரம். கோலியோடு சேர்த்து அணிக்கு 6 பேர், காலில் கத்தி மாதிரி ஸ்கேட்ஸ், பந்துக்குப் பதில் 'பக்' என்கிற கெட்டியான ரப்பர் வட்டு, சுற்றிலும் பலகையும் கண்ணாடியும். பக்கை வைத்திருப்பவரைத் தோளாலோ இடுப்பாலோ மோதித் தள்ளலாம். அதற்குப் பெயர் 'செக்'. அது சட்டப்படி சரி, அதில் யாருக்கும் ஆட்சேபணை இல்லை. அந்த மோதல் தலையில் போய் விழும்போதுதான் பிரச்சனை.

"இதெல்லாம் ஆட்டத்தில் சகஜம்" என்பது பழைய ரசிகர்களின் பல்லவி. "எல்லாம் மின்னல் வேகத்தில் நடக்கிறது, வேண்டுமென்றா அடித்தான்? தெரியாமல் பட்டதற்கு எப்படித் தண்டிப்பது?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி மாதிரிதான் இருக்கிறது. ஆனால் இதே லீக்கின் விதிப் புத்தகத்தைப் புரட்டினால் குட்டு உடைந்துவிடும்.

தன் பகுதியில் நிற்கும் ஒருவர் அடித்த பக், எதிலும் படாமல் கண்ணாடிக்கு மேலே பறந்து வெளியே போனால் 2 நிமிடம் வெளியே உட்கார வேண்டும். 2005-06 சீசனிலிருந்து இதுதான் விதி. வேண்டுமென்றே அடித்தாரா, கை தவறியதா என்று நடுவர் கேட்பதே இல்லை. அதே மாதிரி, கையில் இருக்கும் மட்டை எதிராளியின் முகத்தில் பட்டுக் காயம் ஆனால் 4 நிமிடம். தெரியாமல் பட்டிருந்தாலும் 4 நிமிடம்தான். உன் மட்டைக்கு நீதான் பொறுப்பு, அவ்வளவே.

இப்போது தலைக்கு வாருங்கள். 48ஆம் விதி என்ன சொல்கிறது? மோதல் முதன்மையாகத் தலையில் பட்டிருக்க வேண்டுமாம். அதோடு, அது தவிர்த்திருக்கக் கூடிய மோதலாகவும் இருக்க வேண்டுமாம். முதலில் தோள் பட்டதா தாடை பட்டதா, கடைசி நொடியில் அவன் குனிந்தானா, இவனுக்கு விலக நேரம் இருந்ததா... ஒரு பட்டிமன்றமே நடத்த வேண்டும். பக் பறந்தால் விசாரணை கிடையாது, மட்டை பட்டால் விசாரணை கிடையாது, தலையில் அடித்தால் மட்டும் இத்தனை விசாரணை!

ஆக, நோக்கத்தைப் பார்க்காமல் தண்டிக்கும் விதியை எழுத லீக்குக்குத் தெரியாமல் இல்லை. தலைக்கு எழுத மனசில்லை. விஷயம் இதுதான்.

அந்த 48ஆம் விதியாவது சும்மா வந்ததா? 2010 மார்ச்சில் பிட்ஸ்பர்க் அணியின் மாட் குக், பாஸ்டனின் மார்க் சவார்டைப் பக்கவாட்டிலிருந்து தலையில் மோதிச் சாய்த்தார். அப்போதிருந்த விதிப்படி அது குற்றமே இல்லை என்று குக்குக்கு ஒரு ஆட்டம்கூடத் தடை கிடையாது. ஊரே கொதித்த பிறகுதான் அதே மாதம் விதி வந்தது. சவார்ட் திரும்பி வந்தார், 2011 ஜனவரியில் மறுபடி அடிபட்டார், அதோடு சரி. 33 வயதில் ஆட்டம் முடிந்தது. முதலில் ஒருவர் விழ வேண்டும், பிறகுதான் விதி எழுதப்படும். இது பழைய வழக்கம். மின்னசோட்டா வீரர் பில் மாஸ்டர்டன் 1968 ஜனவரியில் தலைக்கவசம் இல்லாமல் விழுந்து, தலையில் அடிபட்டு இறந்தார். புதிதாக வரும் வீரர்களுக்குத் தலைக்கவசம் கட்டாயம் ஆனது 1979இல். நடுவில் 11 வருடம்!

பழைய ரசிகரிடம் இன்னும் சில அம்புகள் பாக்கி இருக்கின்றன.

முதலாவது: "தலையைக் குனிந்துகொண்டு வந்தது அவன் தப்பு." 2000 மே மாதம் ஸ்காட் ஸ்டீவன்ஸ் தோளால் மோதி எரிக் லிண்ட்ரோஸ் நினைவு தப்பி விழுந்தபோதும் இதைத்தான் சொன்னார்கள். பக் கிடப்பது தரையில். தரையைப் பார்க்காமல் வானத்தையா பார்ப்பார்கள்? அப்படியே கவனக்குறைவு என்றாலும், ரோட்டைப் பார்க்காமல் கடக்கிறவன் மேல் லாரி ஏற்ற யாருக்கும் லைசென்ஸ் கிடையாதே. அந்த ஸ்டீவன்ஸும் மூளை அதிர்ச்சியின் பாதிப்பால் 2004 ஜனவரிக்குப் பிறகு ஆடவில்லை என்பதை ரசிகர் வசதியாக மறந்துவிடுவார்.

இரண்டாவது: "வீரர்களே தங்களுக்குள் தீர்த்துக்கொள்வார்கள், அதற்கென்று எழுதாத சட்டம் இருக்கிறது." தீர்த்துக்கொண்ட லட்சணம் இதோ. 2004 பிப்ரவரியில் கொலராடோவின் ஸ்டீவ் மூர், வான்கூவர் கேப்டன் நாஸ்லண்டை மோதிக் காயப்படுத்தினார். நடுவர்களும் லீக்கும் தண்டிக்கவில்லை. மார்ச் 8ஆம் தேதி, வான்கூவரின் டாட் பெர்ட்டூசி பின்னாலிருந்து வந்து மூரைக் குத்தி ஐஸில் வீழ்த்தினார். மூருக்குக் கழுத்து எலும்புகள் முறிந்தன. அவர் அதன்பின் என்.எச்.எல்லில் ஆடவே இல்லை. வழக்கு நீதிமன்றம் வரை போனது, நஷ்டஈட்டு வழக்கு சமரசத்தில் முடிய 2014 ஆனது. லீக் முதலிலேயே கண்டித்திருந்தால் எழுதாத சட்டத்துக்கு வேலையே இருந்திருக்காது.

மூன்றாவது: "இதையெல்லாம் தடுத்தால் ஆட்டம் சப்பென்று ஆகிவிடும்." 2010 வான்கூவர் ஒலிம்பிக் இறுதி ஆட்டத்தைப் பார்த்தவர் யாராவது இப்படிச் சொல்வார்களா? ஒலிம்பிக்கில் கைகலப்பில் இறங்கினால் ஆட்டத்தை விட்டே வெளியேற வேண்டும். குத்துச்சண்டை இல்லாமலேயே கனடா 3-2 என்று கூடுதல் நேரத்தில் அமெரிக்காவை வென்றது. கடைசி கோல் சிட்னி கிராஸ்பியுடையது. அடுத்த ஜனவரியில் அதே கிராஸ்பி ஒரே வாரத்தில் இரண்டு முறை அடிபட்டார். 41 ஆட்டத்தில் 66 புள்ளி எடுத்து லீக்கிலேயே முன்னால் நின்றவர், பத்து மாதத்துக்கு மேல் ஆட வரவில்லை. ஆட்டத்தை சப்பென்று ஆக்கியது எது என்று இப்போது சொல்லுங்கள்.

இனி கணக்கு. வாஷிங்டனின் டாம் வில்சன் 2018இல் போட்ட ஒப்பந்தம் 6 வருடத்துக்கு 3.1 கோடி டாலர். 2021 மார்ச்சுக்குள் 5 முறை தடை வாங்கிவிட்டார். அதே வருடம் மே 3ஆம் தேதி நியூயார்க் ரேஞ்சர்ஸ் வீரர் புச்னெவிச் குப்புறக் கிடக்கும்போது குத்தினார். பிறகு தலைக்கவசம் கழன்றிருந்த பனாரினைத் தூக்கி ஐஸில் அடித்தார். பனாரினுக்கு அந்த சீசன் அத்தோடு முடிந்தது. வில்சனுக்குத் தடை இல்லை. 5,000 டாலர் அபராதம், அன்றைய ஒப்பந்தப்படி அதுதான் உச்சவரம்பு. வருட சராசரி சம்பளத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. மாதம் 20,000 ரூபாய் வாங்கும் ஒருவருக்கு 240 ரூபாய் அபராதம் போட்ட மாதிரி. சினிமா டிக்கெட் காசு :-)

இதைப் பொறுக்காமல் ரேஞ்சர்ஸ் நிர்வாகம், வீரர் பாதுகாப்புத் துறைத் தலைவர் அந்தப் பதவிக்கே லாயக்கில்லை என்று அறிக்கை விட்டது. அதற்கு லீக் போட்ட அபராதம் எவ்வளவு தெரியுமா? 2,50,000 டாலர்! அடித்தவனுக்குப் போட்டதைப் போல 50 மடங்கு, அடித்ததைக் கேட்டவனுக்கு. எது குற்றம், எது பெரிய குற்றம் என்பதற்கு லீக்கே கொடுத்த விலைப்பட்டியல் இது. அடுத்த ஆட்டத்தில் பக் விழுந்தவுடனேயே இரண்டு அணியும் கைகலப்பில் இறங்கியதில் ஆச்சரியம் என்ன?

ஓய்வு பெற்றவர்களுக்குக் கிடைத்தது இன்னும் மோசம். மூளைப் பாதிப்பு வழக்கில் 2018 நவம்பரில் 318 பேருக்கு மொத்தம் 1.89 கோடி டாலரில் சமரசம். வக்கீல் செலவு, பரிசோதனைச் செலவு எல்லாம் போக ஆளுக்குக் கையில் வந்த ரொக்கம் 22,000 டாலர். தவறு தங்களுடையது என்று லீக் ஒப்புக்கொள்ளவும் இல்லை.

செய்ய வேண்டியது கம்ப சூத்திரம் ஒன்றும் இல்லை. தலையில் பட்டால் தண்டனை, நோக்கம் பற்றிய பேச்சே வேண்டாம். "அடிபட்டவன் திரும்பும் வரை அடித்தவனும் வெளியே" என்று சிலர் கேட்கிறார்கள், அது சரிப்படாது. காயம் என்பது அதிர்ஷ்டம், அடித்ததுதான் குற்றம். அபராதம் சம்பளத்தில் இத்தனை சதவீதம் என்று இருக்கட்டும். முக்கியமாக, தடை வாங்கிய வீரருக்குப் பதில் இன்னொருவரைச் சேர்க்க அணியை விடக் கூடாது. இன்றைக்குத் தடையால் சம்பளம் இழப்பது வீரர் மட்டும்தான், அவரை ஏவிவிட்ட பயிற்சியாளரும் முதலாளியும் கைகழுவிக்கொள்கிறார்கள். ஒரு ஆள் குறைவாகப் பத்து ஆட்டம் ஆடிப் பார்த்தால், "தலையைத் தொடாதே" என்று பயிற்சியாளரே பாடம் எடுப்பார்.

வேகத்தில் தவிர்க்க முடியாது என்பவர்களுக்கு ஒரே ஒரு கேள்விதான். அதே வேகத்தில், அதே ஐஸில், கையில் இருக்கும் மட்டை எதிராளி முகத்தில் படாமல் பார்த்துக்கொள்ள முடிகிறதே, எப்படி? பட்டால் தண்டனை நிச்சயம் என்று தெரியும், அதனால்தான். தோளுக்கும் அந்த பயம் வரட்டும்.