தானே வாசிக்கும் பியானோ வேணுமா? மெதுவா வாசிக்கச் சொல்லிப் பாருங்க!

ஆவூர் பெரியநாயகி மாதா கோவில் பக்கம் ஒரு வீடு. மகனுக்கு வெளிநாட்டில் வேலை. அப்பாவோ படுத்த படுக்கை. அவர் நாள் பூரா மெல்லிசாகப் பாட்டுக் கேட்கட்டும் என்று, மகன் பியானோ வாங்கப் போகிறாராம்.

சாதாரண பியானோ அல்ல. ஆள் இல்லாமலே கட்டைகள் ஏறி இறங்கும். தானே வாசிக்கும் பியானோ!

ஆசை நல்ல ஆசைதான். ஆனால் பியானோ ரேடியோ இல்லையே! குமிழைத் திருகிச் சத்தத்தைக் குறைக்க முடியுமா?

உள்ளே கம்பளி சுற்றிய சுத்தியல்கள் கம்பியில் அடிக்கின்றன. மெதுவாக அடித்தால் சத்தம் குறையும். ரொம்ப மெதுவாக அடித்தால், சுத்தியல் கம்பிக்கே போகாது. பாதி வழியில் திரும்பிவிடும். பாட்டில் நடுநடுவே சுரம் காணாமல் போகும்!

வித்தை பழசு. அமெரிக்காவில் எட்வின் வோட்டி 1895-ல் செய்த பியானோலாவில் ஓட்டை போட்ட காகிதச் சுருள் ஓடியது. காலால் துருத்தி மிதிக்க வேண்டும். 1980-களில் ஜப்பானின் யமஹா கம்பெனி டிஸ்கிளேவியரைக் கொண்டுவந்தது. அதில் மின்காந்தம் கட்டையை அசைக்கிறது. காகிதம் போச்சு, துருத்தி போச்சு. சுத்தியல் மட்டும் அதேதான்.

கடையில் தடபுடலாக வாசித்துக் காட்டுவார்கள். மயங்காதீர்கள். "இருப்பதிலேயே மெதுவா வாசிக்க வையுங்க" என்று கேளுங்கள். கடை ஃபேனை நிறுத்தச் சொல்லுங்கள். பக்கத்தில் நின்று இரண்டு பேர் பேசிப் பாருங்கள். குரலை உயர்த்த வேண்டியிருந்தால் அந்தப் பியானோ வேண்டாம். கட்டை 'டக் டக்'கென்று தட்டுகிறதா என்றும் காதைக் கொடுங்கள். மெதுவான பாட்டில் அதுதான் முதலில் கேட்கும்.

இன்னொரு வகையில் சுத்தியல் கம்பியில் படாமல் தடுத்துவிடலாம். சத்தம் மின்சாரத்தில் வரும், எவ்வளவு வேண்டுமானாலும் குறைக்கலாம். சரி, அதற்கு எதற்கு அத்தனை பெரிய மரப்பெட்டி? குமிழ் வைத்த மின்சார பியானோவே போதுமே! என்னைக் கேட்டால், பெரியவர் கட்டில் பக்கத்துக்கு அதுதான் சரி. தம்புராவுக்குப் பதிலாக மின்சாரச் சுருதிப் பெட்டி வந்தபோது யார் குறை பட்டார்கள்?

பாஸ்காவுக்கு ஒலிபெருக்கி அலறினால் ஊரே கூடிக் கேட்கலாம். நோயாளி அறைக்கு அது ஆகுமா?

மரப் பியானோதான் வேண்டும் என்றால், வெறும் சிமெண்டுச் சுவர் ஹாலில் வைக்காதீர்கள். எதிரொலிக்கும். பாயும் திரையும் போடுங்கள்.

மெதுவாக வாசிக்கும்போது சுரம் விட்டுப்போனால் வீட்டுக்கே வந்து சரிசெய்து தருவோம் என்று கடைக்காரரிடம் எழுதி வாங்குங்கள். வெயிலிலும் மழையிலும் மரம் சும்மா இருக்காது. சுருதி கூட்ட சென்னையிலிருந்து ஆவூருக்கு ஆள் வர வேண்டியிருந்தால், பஸ் செலவு யார் தலையில்?