பெரிய இருதயம் நல்லதா?



அறிவியல் பாடம் முடிந்து மணி அடித்த பிறகும் நான்காம் ஆண்டுச் சிறுமி ஒருத்தி போகாமல் நின்றாள். "சார், பெரிய மனசுக்காரர்னா நல்லவர்தானே? எங்க தாத்தாவுக்கு இருதயம் பெரிசாயிடுச்சுன்னு டாக்டர் சொன்னாராம். பாட்டி ஏன் சார் அழுவுறாங்க?" என்றாள்.

அந்தத் தாத்தா நெடுங்காலம் பால்மரம் வெட்டியவர். இரத்தக் கொதிப்புக்குக் கொடுத்த மாத்திரையை, "எனக்குத்தான் ஒரு வலியும் இல்லையே" என்று நிறுத்திவிட்டவர்.

நம் இருதயம் சுமார் 300 கிராம் எடையுள்ள தசை. நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு இலட்சம் முறை துடிக்கிறது. இரத்த அழுத்தம் ஏறினால் அது கூடுதல் பலத்தோடு தள்ள வேண்டும். வளர்ந்தவரின் இருதயத் தசையில் புதிய உயிரணுக்கள் தோன்றுவது மிக அரிது. ஆகவே இருக்கும் உயிரணுக்களே பருக்கின்றன. இருதயச் சுவரும் தடித்துப்போகிறது.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. இருதயத் தசையின் ஒவ்வோர் உயிரணுவிலும் மரபணுக்கள் என்னும் பாடப்புத்தகம் முழுமையாக இருக்கிறது. ஆனால் எல்லாப் பக்கங்களும் எப்போதும் திறந்திருப்பதில்லை. கருவில் படித்த சில பக்கங்களைப் பிறந்த பின் இருதயம் மூடிவிடும். சுமை தாங்காதபோது அவற்றை மறுபடி திறக்கிறது! ஆறாம் ஆண்டு மாணவன் திணறிப்போய் முதலாம் ஆண்டுப் புத்தகத்தைப் புரட்டுவதுபோல.

ஓர் உதாரணம். 1981-இல் கனடாவில் டி போல்ட் என்பவரும் அவருடைய குழுவினரும் எலி இருதயத்தின் மேலறையிலிருந்து எடுத்த சாற்றை வேறு எலிகளுக்குச் செலுத்தினார்கள். அவற்றின் சிறுநீரில் நீரும் உப்பும் ஏராளமாக வெளியேறின. அந்தச் சாற்றில் இருந்த ஹார்மோனைக் கருவில் கீழறைகளும் சுரக்கும். வளர்ந்தபின் பெரும்பாலும் மேலறைகளே சுரக்கும். இருதயம் நோயால் தடிக்கும்போது கீழறைகளும் அந்தப் பழைய பக்கத்தைத் திறந்துகொள்கின்றன. உப்பையும் நீரையும் வெளியேற்றிச் சுமையைக் குறைக்க இருதயம் படும் பாடு அது. இதே இனத்து மற்றொரு ஹார்மோனை இரத்தத்தில் அளந்துதான் இன்று மருத்துவர்கள் இருதயத் தளர்ச்சியைக் கண்டறிய உதவி பெறுகிறார்கள்.

எரிபொருளும் மாறுகிறது. கொழுப்பை அதிகம் எரித்து வந்த இருதயம், கருவில் இருந்ததுபோல் சர்க்கரையை அதிகம் நாடுகிறது. தொடக்கத்தில் இவை கைகொடுக்கலாம். ஆண்டுக்கணக்கில் நீடித்தால் தசைக்கிடையே நார் படர்ந்து சுவர் விறைக்கும். பிறகு மூச்சு வாங்கும், கால் வீங்கும்.

ஓட்டப்பந்தய வீரருக்கும் கர்ப்பிணிக்கும் இருதயம் சற்றுப் பெருக்கும். ஆனால் அங்கே அந்தப் பழைய பக்கங்கள் பொதுவாகத் திறப்பதில்லை. ஓட்டப் பயிற்சி நின்றாலோ பிள்ளை பிறந்தாலோ பெரும்பாலும் பழைய அளவுக்குத் திரும்பிவிடும். ஓய்வே இல்லாத சுமைதான் கெடுதல்.

ஆறுதலான செய்தியும் உண்டு. அழுத்தத்தைக் கட்டுக்குள் வைத்தால் தடித்த சுவர் பலருக்கு மெலிகிறது. எனவே வலி வரட்டும் என்று காத்திராமல் அழுத்தத்தை அளந்து பாருங்கள். மருத்துவரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்தாதீர்கள். கருவாடு, ஊறுகாய், கிச்சாப் எல்லாவற்றிலும் கைகட்டிச் சாப்பிடுங்கள்.

அந்தச் சிறுமிக்கு ஒரு வீட்டுப்பாடம் கொடுத்தேன்: "தாத்தா மாத்திரை சாப்பிட்டாரான்னு தினமும் நீதான் கேட்கணும்." மறுநாள் காலையில் வகுப்புக்குள் நுழையும்போதே சொன்னாள்: "கேட்டுட்டேன் சார். சாப்பிட்டுட்டாரு."