வாசகரும் வர்த்தகச் சின்னமும்

அமெரிக்க எழுத்தாளர் ஸ்ரீபன் கிங் திகில் நாவல்களாற் பெயர்பெற்றவர். அவருடைய மகள் நயோமிக்கோ திகிற்கதைகளில் நாட்டமிருக்கவில்லை. அவள் படிப்பதற்கென அவர் எழுதியதே 'டிராகனின் கண்கள்' என்னும் நாவல். அரசனும் இளவரசரும் மந்திரவாதியும் உலவும் மாயக்கதை அது. 1984 இல் கிங்கின் சொந்தச் சிறுபதிப்பகம் ஆயிரத்துக்குச் சற்று மேற்பட்ட பிரதிகளை மட்டும் வெளியிட்டது. 1987 இல் வைக்கிங் நிறுவனம் அதனைப் பொதுவாசகரிடம் கொண்டு சென்றது.

வாசகர் இரண்டுபட்டனர். ஒரு சாரார் சீறினர். பேயெங்கே, இரத்தமெங்கே என்பதே அவர்களது முறையீட்டின் சாரம். மறுசாரார் மகிழ்ந்தனர், ஒருவாறு பிள்ளைகளின் கையிற் கொடுக்கத்தக்க நூலொன்றை எழுதிவிட்டாரே என்பது அவர்களது ஆறுதல். எதிரெதிராகத் தோன்றும் இவ்விரு குரல்களும் உண்மையில் ஒன்றே. இரண்டும் நாவலைப் பற்றிப் பேசவில்லை. அட்டையிலுள்ள பெயரைப் பற்றியே பேசுகின்றன.

நூலைத் திறந்து பார்ப்போருக்கு இது விளங்கும். டெலெயின் நாட்டு மன்னன் றோலண்டை மந்திரவாதி ஃபிளாக் நஞ்சூட்டிக் கொல்கிறான். பழி மூத்த மகன் பீற்றர்மீது விழுகின்றது. அவன் 'ஊசி' எனப்படும் கோபுரத்தின் உச்சியிற் சிறைவைக்கப்படுகின்றான். ஆனால் உண்மையைக் கண்ட ஒருவன் இருக்கின்றான். சுவரில் மாட்டப்பட்ட டிராகன் தலையின் கண்ணாடிக் கண்களூடாகத் தந்தையின் அறையை ஒளிந்திருந்து பார்ப்பது இளைய மகன் தோமசின் வழக்கம். நஞ்சு கொடுத்த கை எதுவென்பதை அவன் அறிவான். அறிந்தும் வாய் திறவாது முடிசூடிக் கொள்கின்றான். உறக்கத்திலும் அவனை விடாத அந்த மௌனத்தைக் காட்டிலும் பெரிய திகில் வேறென்ன? பேய் வேண்டுமென்று கேட்டவர்கள் இச்சிறுவனைக் காணாமலே கடந்து சென்றிருக்கின்றனர். அதிலும் ஒரு வேடிக்கை: இந்த ஃபிளாக் 1978 இல் வெளிவந்த கிங்கின் 'த ஸ்ராண்ட்' நாவலிலே அவர்கள் நடுங்கி இரசித்த அதே கொடியவன்தான். உடை மாறியதும் அவனை அடையாளங் காண மறுத்துவிட்டார்கள்!

நாவலிற் குறையில்லை என்பதல்ல வாதம். கதைசொல்லி அடிக்கடி குறுக்கிட்டுப் பேசுவது சில இடங்களில் அலுப்பூட்டுகின்றது. மகளுக்காக எழுதப்பட்ட கதையில் அரசி தொடக்கத்திலேயே இறந்துபோக, மகளின் பெயர் தாங்கிய பாத்திரம் பிற்பகுதியிலேதான் தலைகாட்டுகின்றது. கண்டிக்க விரும்புவோருக்கு இது போதிய இடம். ஆயினும் பெருங்கோபம் இவற்றின்மீது பாயவில்லை.

காசு கொடுத்து வாங்குபவருக்குத் தாம் விரும்பியதைக் கேட்கும் உரிமை இல்லையா என்று வினவலாம். கடைச் சரக்குக்கு அது பொருந்தும். சென்ற முறை வாங்கிய சவர்க்காரத்தின் மணமே இம்முறையும் வேண்டுமென்பது நியாயமே. ஆனால் நாவலைச் சவர்க்காரமாக்கியது வாசகர் மட்டுமல்ல. தலைப்பினும் பெரிதாக ஆசிரியர் பெயரை அச்சிட்டு விற்கும் பதிப்புத்தொழிலே இத்தகைய வாசகரை உருவாக்கியது. அவ்விற்பனையால் வளம்பெற்ற கிங்கும் இதில் முற்றிலும் நிரபராதி அல்லர். 1985 இல் அம்பலமாகும்வரை றிச்சட் பாக்மன் என்ற புனைபெயரில் அவர் நாவல்கள் எழுதிவந்தமை, அப்பெயரின் கனத்தை அவரும் உணர்ந்திருந்தார் என்பதையே காட்டுகின்றது.

1987 இலேயே வெளியான 'மிசறி' நாவலில், தான் விரும்பும் கதையையே எழுதுமாறு எழுத்தாளனைப் படுக்கையோடு சிறைப்பிடித்து வதைக்கிறாள் ஒரு வாசகி. டிராகன் கதைக்குக் கிடைத்த எதிர்ப்பு அந்நாவலின் தோற்றுவாய்களுள் ஒன்று என்று கிங்கே கூறியிருக்கின்றார்.

2022 இல் அவர் 'தேவதைக் கதை' என்ற பெயரிலேயே மற்றொரு மாயநாவலை வெளியிட்டார். பதினேழு வயதுச் சிறுவனுக்கும், அயல்வீட்டு முதியவருக்கும், கிழட்டு நாயொன்றுக்கும் இடையே வளரும் பிணைப்பைச் சொல்லும் முற்பகுதியில் நெகிழ்ந்த வாசகர் பலர், அவன் மறுவுலகிற்கு இறங்கிய பின்னர் கதை தளர்வதாகக் குறைபட்டனர். இக்குறையை மறுப்போரும் உளர். ஆனால் இருதரப்பினரும் நூலின் பக்கங்களைப் புரட்டிக் காட்டியே வாதிட முடியும்.