அப்பாவுக்கு என்ன பரிசு?



ஜூன் மாதம் பிறந்தால் போதும், கடைவீதியில் தட்டி கட்டிவிடுகிறார்கள். மூன்றாவது ஞாயிறு தந்தையர் தினமாம். பெற்றவருக்கு யோசித்துப் பரிசு வாங்க வேண்டுமாம். சட்டை, கைக்கடிகாரம், செல்போன் எல்லாம் தயார். கையில் காசில்லையா? தவணையில் எடுத்துப் போகலாமாம்!

இந்தத் தினம் எங்கிருந்து வந்தது? அமெரிக்காவில் ஸ்போக்கேன் என்ற ஊரில் சொனோரா டாட் என்ற பெண், தாயில்லாப் பிள்ளைகள் ஆறு பேரை வளர்த்த தன் தந்தையை எண்ணி இதைக் கேட்டார். 1910 ஜூன் 19-ந் தேதி முதன்முதல் கொண்டாடினார்கள். அந்த மகள் நினைத்தது நன்றியை. வியாபாரிகள் கண்ணில் பட்டது லாபம். 1938-ல் நியூயார்க் நகரத்து ஆண்கள் உடை வியாபாரிகள் இதற்கென்றே ஒரு கவுன்சில் அமைத்தார்கள். 1972-ல் அந்த நாட்டு அரசாங்கம் சட்டமே செய்தது. அந்தச் சரக்குதான் இன்று பாலாற்றங்கரை வரை வந்திருக்கிறது.

"மகன் அப்பனுக்கு ஒரு சட்டை எடுத்துக் கொடுத்தால் அதிலுமா அரசியல்?" என்று சில கனவான்கள் கேட்பார்கள். தாராளமாகக் கொடுக்கட்டும் ஐயா! பாசத்துக்கு நாம் விரோதிகளா? யோசித்துக் கொடு என்கிறீர்களே, யோசித்துத்தான் பார்ப்போம்.

செவிலிமேட்டில் ஒரு நெசவாளி வீட்டுக்குள் வாருங்கள். குழித்தறியில் காலை இறக்கி, விடிந்தது முதல் இருட்டும் வரை நாடா எறிகிறார் ஒரு தந்தை. அவர் நெய்த சேலை பல ஆயிரம் ரூபாய்க்கு விலை போகிறது. காஞ்சிப் பட்டுக்கு 2005-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. பட்டுக்குப் பெருமை, நெய்தவருக்கு என்ன கிடைத்தது? நாட்டின் நெசவாளர் குடும்பங்களில் மூன்றில் இரண்டு பங்கு மாதம் 5,000 ரூபாய்கூடச் சம்பாதிப்பதில்லை என்று 2019-20 கைத்தறிக் கணக்கெடுப்பு சொல்கிறது.

என் நைனாவும் தறிக்காரர்தான். முதன்முதல் கையில் காசு கிடைத்தபோது அவருக்கு ஒரு வேட்டி வாங்கிக் கொடுத்தேன். தடவிப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான்டா இருக்கு. இந்தக் காசை முதலாளி நோட்டுல கழிச்சிருந்தா இன்னும் நல்லா இருந்திருக்கும்" என்றார். வாங்கிய முன்பணம் எவ்வளவு, கழிந்தது எவ்வளவு என்று கடைசிவரை அவருக்குத் தெரியாது. நோட்டு முதலாளியின் பெட்டியில் இருந்தது.

அந்த முன்பணம் தகப்பனோடு நிற்கிறதா? கோர்வைச் சேலைக்குக் கரை நாடா எறிய இன்னொரு ஆள் வேண்டும். ஆளுக்குக் கூலி கொடுக்க வழியில்லாதவர் யாரை உட்கார வைப்பார்? பெற்ற பிள்ளையைத்தான்! காஞ்சிபுரம் பட்டுத்தறிகளில் முன்பணத்துக்காகக் கட்டுண்டு கிடந்த சிறுவர்களைப் பற்றி 2003-ல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு அறிக்கையே வெளியிட்டது. அப்படியிருந்தும் 2016-ல் டில்லி சர்க்கார் சட்டத்தைத் திருத்தி, பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலில் பிள்ளைகள் உதவலாம் என்று கதவைத் திறந்துவிட்டது. பிள்ளையின் படிப்பைத் தறிக்குழியில் இறக்கிவிட்டு மனம் புழுங்கும் தகப்பனுக்குக் கைக்கடிகாரம் எதற்கு?

அவருக்கு வேண்டிய பரிசு வேறு. நெசவாளி வீட்டுப் பிள்ளையா நீ? முன்பணக் கணக்கை எழுத்தில் கேள். கடனைக் காட்டி ஆளைக் கட்டிப்போடுவதை 1976-ம் ஆண்டுக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் தடை செய்கிறது என்று எடுத்துச் சொல். தனியே போகாதே, தெருவே திரண்டு போங்கள். மில் தொழிலாளி வீட்டுப் பிள்ளையா? அப்பாவின் சம்பளத்தில் பிடித்த வருங்கால வைப்பு நிதியை நிர்வாகம் கட்டியிருக்கிறதா என்று பார். விவசாயக் கூலி வீட்டுப் பிள்ளையா? பாக்கிக் கூலியைக் கணக்குப் போட்டு, சங்கத்தோடு போய்க் கேள்.

இந்தப் பரிசு எந்தக் கடையிலும் கிடைக்காது. இதற்குத் தவணையும் இல்லை, வட்டியும் இல்லை. பெட்டியில் பூட்டிய நோட்டு வெளியே வரட்டும்! நெய்தவர் கூலி உயரட்டும்! அன்றைக்கு நம் அப்பா தன் காசிலேயே நல்ல சட்டை எடுத்துப் போட்டுக்கொள்வார்.