உட்கார இடம் கேட்கிறோம்

1971ஆம் ஆண்டு வரை பிரித்தானியாவின் விம்பி உணவகங்களில் ஒரு விதி இருந்தது. நள்ளிரவுக்குப் பிறகு தனியே வரும் பெண்ணை உள்ளே விடமாட்டார்கள். அந்த நேரத்தில் தனியே வருபவள் பாலியல் தொழில் செய்பவளாக இருக்கலாம் என்பது அதற்கான காரணம். இரவு வேலை முடித்த தாதி, கடைசி ரயிலைத் தவறவிட்ட மாணவி, அடி தாங்காமல் வீட்டைவிட்டு வெளியேறியவள், எல்லோரும் அந்தக் கண்ணாடிக் கதவின் முன்னால் ஒரே சந்தேகத்துக்கு உரியவர்கள். பாலியல் தொழில் செய்யும் பெண்ணுக்கும் பசிக்கும் என்பதை யாரும் யோசிக்கவில்லை. அதே நேரத்தில் தனியே வந்த ஆணுக்கு பேர்கரும் கோப்பியும் கிடைத்தன. இந்நேரத்தில் உனக்குத் தெருவில் என்ன வேலை என்று அவனிடம் ஒருவரும் கேட்கவில்லை.

விம்பி அந்த விதியைக் கைவிட்ட 1971இல்தான், மார்ச் மாதத்தில், லண்டனின் முதலாவது பெண் விடுதலை ஊர்வலம் நடந்தது. பால்வழிப் பாகுபாட்டுக்கு எதிரான சட்டம் வர மேலும் நான்கு ஆண்டுகள் ஆயின. பெண்கள் தெருவுக்கு வந்த பிறகுதான் சட்டம் பின்னால் வந்தது.

இந்தப் பழைய கதை இப்போது எதற்கு என்று கேட்கலாம். இன்று எந்தத் துரித உணவுக் கடையும் பெண்ணைத் தடுப்பதில்லையே? சில கடைகள் இருபத்து நான்கு மணிநேரமும் திறந்திருக்கின்றன. உணவுப் பட்டியலில் எல்லோருக்கும் ஏதாவது இருக்கிறது. நான் சொல்ல வருவது இதுதான்: பட்டியலில் எங்களுக்கு இடம் கூடக் கூட, கடையில் எங்களுக்கு இருந்த இடம் குறைந்துகொண்டே வருகிறது. பட்டியலைக் காட்டி அதை மறைக்கிறார்கள். நாங்களும் பட்டியலைப் பார்த்தபடி நிற்கிறோம்.

இடம் என்றால் என்னவென்று இந்த நாட்டின் முதலாளிகளுக்கு நன்றாகவே தெரியும். 1894இல் லயன்ஸ் நிறுவனம் லண்டன் பிக்கடிலியில் தன் முதலாவது தேநீர்க்கடையைத் திறந்தது. மதுக்கடையும் ஆண்களின் கழகங்களும் நிறைந்த நகரத்தில், கடைக்கும் அலுவலகத்துக்கும் போய்வந்த பெண்கள் துணையில்லாமல் உட்கார்ந்து, மலிவாகச் சாப்பிட்டு, மலசலகூடமும் பயன்படுத்தக்கூடிய இடங்களாக இத்தகைய தேநீர்க்கடைகள் இருந்தன. பெண்ணுரிமைக்காக இவற்றைத் திறக்கவில்லை. பெண்ணின் கைப்பையிலும் காசு இருக்கிறது என்று கண்டுகொண்டதால் திறந்தார்கள். ஆனாலும் உள்ளே போன பெண்கள் தேநீர் மட்டும் குடிக்கவில்லை. கூடினார்கள், கதைத்தார்கள், வாக்குரிமைக்குத் திட்டம் போட்டார்கள்.

அதே லயன்ஸ் நிறுவனம்தான் 1954இல் கொவன்ட்ரி தெருவில் இருந்த தன் பெரிய உணவகத்துக்குள் பிரித்தானியாவின் முதலாவது விம்பியைத் திறந்தது. பகலில் பெண்களை வரவேற்று வளர்ந்த நிறுவனத்தின் கடைகளே நள்ளிரவில் அவர்களை வெளியே நிறுத்தின. வியாபாரம் பெண்ணுக்குத் தரும் இடம் இப்படித்தான். இலாபம் இருக்கும்வரை கதிரை இருக்கும். அதற்குப் பிறகு கதிரையை எடுத்துவிடுவார்கள்.

இப்போது எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். 1965இல் கேஎஃப்சி பிரெஸ்டன் நகரில் வந்தது. 1974இல் மக்டொனால்ட்ஸ் வூலிச்சில் வந்தது. விம்பியில் பீங்கான் தட்டும் முள்ளுக்கரண்டியும் மேசைக்கு வந்து பரிமாறும் பெண்ணும் இருந்தார்கள். புதியவர்கள் தட்டையும் பரிமாறுபவரையும் நீக்கிவிட்டு, வரிசையில் நின்று வாங்கி விரைவாகத் தின்றுவிட்டுப் போகும் முறையைக் கொண்டுவந்தார்கள். 1989இல் விம்பியையும் பேர்கர் கிங்கையும் ஒரே நிறுவனம் வாங்கிய பிறகு, பல விம்பிக் கடைகளின் பெயர்ப்பலகை பேர்கர் கிங் என்று மாறியது. 1986இல் மன்செஸ்டரின் ஃபாலோஃபீல்டில் மக்டொனால்ட்ஸ் இந்த நாட்டில் தன் முதலாவது காரோட்டிக் கடையைத் திறந்தது. காரைவிட்டு இறங்காமல் ஒரு யன்னலில் சொல்லி அடுத்த யன்னலில் வாங்கிக்கொள்ளலாம். இன்று பல கிளைகள் கடைத்தெருவில் இல்லை. ஊருக்கு வெளியே, வட்டச்சாலை ஓரத்தில், பெரிய வாகனத் தரிப்பிடங்களின் நடுவில் இருக்கின்றன. உள்ளே இருப்பவற்றிலும் தொடுதிரைகளும், உணவு கொண்டுசெல்லும் இளைஞர்கள் காத்து நிற்கும் இடமும் பெருகியிருக்கின்றன.

காரோட்டிக் கடைக்கு நடந்து போனால் அந்த யன்னலில் சாப்பாடு தரமாட்டார்கள். இந்த நாட்டில் சாரதி அனுமதிப்பத்திரம் வைத்திருப்போரில் பெண்களின் விகிதம் ஆண்களைவிடக் குறைவு. பிள்ளையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு பேருந்தில் போகிறவளையும், காலை ஐந்து மணிக்கு அலுவலகம் துப்பரவாக்கப் போகிறவளையும் அந்த யன்னல் காணாது.

வரிச்சட்டமும் அவர்கள் பக்கம்தான். குளிர்ந்த சான்ட்விச்சை வாங்கி வெளியே எடுத்துப்போனால் பெறுமதிசேர் வரி இல்லை. அதையே கடையில் உட்கார்ந்து சாப்பிட்டால் 20 வீதம் வரி. அதனால்தான் சில கடைகளில் ஒரே உணவுக்கு இரண்டு விலை எழுதியிருக்கிறது. உட்கார்ந்தால் கூட, எழுந்து போனால் குறைவு. கால்கடுத்த பெண்ணுக்கு அரசு விதித்த வரி என்று இதைச் சொன்னால் மிகை என்பார்கள். எட்டு மணிநேரம் நின்று வேலை செய்துவிட்டு அந்த இரண்டு விலைகளையும் வாசித்துப் பார்த்தபின் அவர்கள் சொல்லட்டும்.

மலசலகூடத்தைப் பற்றியும் கூச்சமில்லாமல் பேசவேண்டும். இங்கிலாந்தில் பொது மலசலகூடம் நடத்த வேண்டும் என்று உள்ளூராட்சி மன்றங்களைக் கட்டாயப்படுத்தும் சட்டம் இல்லை. செலவைக் குறைக்க வேண்டிய காலத்தில் முதலில் பூட்டப்பட்டவற்றில் அவையும் அடக்கம். அதன்பிறகு ஊரின் மலசலகூடம் மக்டொனால்ட்ஸாகவே ஆகிவிட்டது. மாதவிடாய் நாளில், கர்ப்பகாலத்தில், சிறுபிள்ளையோடு, முதுமையில், பெண்கள் அந்தக் கதவை நம்பித்தான் கடைத்தெருவுக்குப் போகிறார்கள். இப்போது அதற்கும் ரசீதில் அச்சிட்ட இலக்கத்தைத் தட்டவேண்டிய கடைகள் இருக்கின்றன. கடை ஊருக்கு வெளியே போனால் அந்தக் கதவும் கூடவே போய்விடும். ஒரு கிளை மூடப்படும்போது பத்திரிகைகள் பேர்கரைப் பற்றி எழுதுகின்றன. மூத்த பெண்ணொருத்தி அந்த வாரத்திலிருந்து சந்தைக்குப் போவதையே நிறுத்திவிட்டாள் என்பதை யாரும் எழுதுவதில்லை.

இனிப் பட்டியலுக்கு வருவோம். 2019 ஜனவரியில் கிரெக்ஸ் நிறுவனம் இறைச்சியில்லாத சொசேஜ் ரோல் கொண்டுவந்தபோது நாடே அதைப் பற்றிக் கதைத்தது. மரக்கறி பேர்கர்கள் வந்தன, சில கிளைகளில் ஹலால் கோழி வந்தது. 2022 ஏப்ரலில் இருந்து இங்கிலாந்தில் 250 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் உணவு நிறுவனங்கள் ஒவ்வொரு உணவுக்கும் கலோரி எழுதவேண்டும் என்பது சட்டம். இதை நான் இகழவில்லை. மாட்டிறைச்சி சாப்பிடாத தாயும் ஹலால் மட்டும் சாப்பிடும் தோழியும் ஒரே மேசையில் இருந்து சாப்பிட முடிவது நல்ல விடயம்தான். அந்த மேசை எங்கே என்பதுதான் என் கேள்வி. கலோரி எழுதும் சட்டத்தை நிறைவேற்றத் தெரிந்த பாராளுமன்றத்துக்கு, கதிரை போடும் சட்டமும் கழிப்பறை திறக்கும் சட்டமும் ஏன் தெரியவில்லை? கலோரி எழுதுவதால் பழி வாங்குபவளின் தலையில் விழும். அதனால்தான் அது சுலபமாக நிறைவேறுகிறது.

பழி விழும் தலை எப்போதும் ஒரு தாயின் தலை. 2006இல் யோர்க்‌ஷயரின் ரோமார்ஷில், புதிய பாடசாலை உணவுமுறை பிடிக்காத பிள்ளைகளுக்கு வேலிக்கம்பிகளுக்கு ஊடாக பேர்கரும் சிப்ஸும் கொடுத்த தாய்மாரை நாட்டின் பத்திரிகைகள் கேலிச்சித்திரமாக்கின. மலிவான சிப்ஸ் எப்படி அந்த ஊரின் சாப்பாடாயிற்று, பிள்ளைகளுக்கு உண்ண எவ்வளவு நேரம் கிடைத்தது, அந்தப் பெண்களின் கையில் வாரத்துக்கு எவ்வளவு இருந்தது என்ற கேள்விகளுக்கு அவ்வளவு இடம் கிடைக்கவில்லை. தந்தைமார் எங்கே என்று யார் கேட்டார்கள்?

துரித உணவு பெண்ணை அடுப்படியில் இருந்து விடுவித்தது என்று சொல்பவர்களும் உண்டு. எங்கள் வீட்டு அடுப்பை அணைத்துவிட்டு வேறொரு பெண்ணை எண்ணெய்ச் சட்டியின் முன் நிறுத்துவது விடுதலையாகாது. அவளுக்குக் கிடைப்பது என்ன? 2013இல் மக்டொனால்ட்ஸின் பிரித்தானிய ஊழியர்களில் ஏறத்தாழ 90 வீதமானோர் உறுதியான வேலைநேரம் எதுவும் இல்லாத ஒப்பந்தத்தில் இருந்தார்கள். 2017இல் நிறுவனம் நிலையான நேரத்தைத் தெரிவாக வழங்கியது. பரீட்சார்த்தமாக வழங்கிய இடங்களில் 80 வீதமானோர் பழைய முறையையே தெரிவு செய்தார்கள் என்று பெருமையாக அறிவித்தது. பிள்ளை பராமரிப்பு இல்லாத நாட்டில், முகாமையாளரின் முகத்தைப் பார்த்து நேரம் வாங்கவேண்டிய கடையில், இதைத் தெரிவு என்பதா? பட்டியலில் இருந்து தெரிவு செய்யலாம். பட்டியலை எழுதியவர் யார் என்று கேட்கக்கூடாது.

வயதும் கூலியைக் குறைக்கிறது. 2025 ஏப்ரலில் 21 வயதானவருக்கான சட்டபூர்வக் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12.21 பவுண். 18 வயதுக்குக் குறைந்தவருக்கு 7.55 பவுண். சிப்ஸ் பொரியும் எண்ணெய் இருவரின் கையையும் ஒரே அளவில்தான் சுடும். 2023 பெப்ரவரியில் பாலியல் தொந்தரவு தொடர்பாக சமத்துவ மனித உரிமைகள் ஆணைக்குழுவுடன் மக்டொனால்ட்ஸ் சட்டபூர்வ உடன்பாட்டில் கையெழுத்திட வேண்டி வந்தது. அதே ஆண்டு யூலையில் நூற்றுக்கும் மேற்பட்ட ஊழியர்கள் பிபிசியிடம் தொந்தரவுகளையும் அவமதிப்புகளையும் சொன்னார்கள். நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. அடுத்த வாரம் எத்தனை மணிநேரம் கிடைக்கும் என்பதை ஒருவனே தீர்மானிக்கும் இடத்தில், அவனுடைய கையைத் தட்டிவிடுவதற்கு ஒரு பெண் கொடுக்கவேண்டிய விலை என்ன என்று கணக்குப் பாருங்கள். வேலைநேரமும் பாலியல் தொந்தரவும் இரண்டு பிரச்சினைகள் அல்ல.

நானும் மாணவியாக இருந்தபோது ஒரு கடையில் இரவு வேலை செய்தவள். பெயர் தேவையில்லை. கடை பூட்டி, எண்ணெய்த் தொட்டி கழுவி வெளியே வர இரவு ஒன்றரை ஆகும். கழுவிய நேரத்துக்குச் சம்பளம் இல்லை. பேருந்து வரும்வரை உள்ளே இருக்கட்டுமா என்று ஒருமுறை கேட்டேன். பூட்டிய பிறகு ஒருவரும் உள்ளே இருக்கக்கூடாது, அது விதி என்றார்கள். அன்றிரவு நாற்பது நிமிடம் தெருவில் நின்றேன். விம்பியின் கதவைப் பற்றிப் பல வருடம் கழித்து வாசித்தபோது அந்த நாற்பது நிமிடமும் திரும்பி வந்தது.

எங்கள் சமூகத்துக்கும் ஒரு வார்த்தை. தென் லண்டனின் மோர்லீஸ் கோழிக்கடைகளை 1985இல் சிடன்ஹாமில் தொடங்கியவர் இலங்கையிலிருந்து வந்தவர் என்பதில் எங்களுக்குப் பெருமை உண்டு. பெரிய கடைகள் கைவிட்ட தெருக்களில் நள்ளிரவுக்குப் பின்னும் வெளிச்சம் எரிவது இப்படிப்பட்ட கோழிக்கடைகளால்தான். ஆனால் எங்கள் கடைக் கதைகள் எல்லாம் உழைத்து உயர்ந்த ஆணின் கதைகளாகவே சொல்லப்படுகின்றன. கணக்கெழுதிய, கோழி வெட்டிய, கடை பூட்டி வந்தவனுக்குச் சோறு சூடாக்கிய பெண்களின் சம்பளச் சீட்டு எங்கே? இரவில் தனியே சிப்ஸ் வாங்க வரும் எங்கள் பிள்ளையை, “ஆருடைய மகள் நீ, இந்நேரம் இங்கே என்ன?” என்று கேட்கும் வாய் விம்பியின் வாய்தான். அது தமிழ் பேசுகிறது, அவ்வளவுதான்.

ஆகவே புதிய சுவை எதுவும் எங்களுக்கு வேண்டாம். கேட்பது பழையது. உட்கார்ந்து சாப்பிட வரி இருக்கக்கூடாது. ஒவ்வொரு கடைத்தெருவிலும் ரசீது கேட்காத மலசலகூடம் வேண்டும். வேலை செய்பவளுக்கு வேலைநேரம் முன்கூட்டியே எழுத்தில் வேண்டும். பதினாறு வயதுக்காரிக்கும் அதே கூலி வேண்டும். இரவு வேலை முடித்தவளைப் பாதுகாப்பாக வீடு சேர்ப்பது கடையின் பொறுப்பு. 2017 செப்டெம்பர் 4இல் கேம்பிரிட்ஜிலும் கிரேஃபோர்டிலும் மக்டொனால்ட்ஸ் ஊழியர்கள் இந்த நாட்டில் அந்த நிறுவனத்தின் முதலாவது வேலைநிறுத்தத்தைச் செய்தார்கள். அவர்கள் சிலபேர்தான், இரண்டே கடைகள்தான். கூலியும் நேரமும் சங்கமும் கேட்டார்கள். அடுத்த சனவரியில் கூலி கூடியது.

கேட்காமல் எந்தக் கதவும் திறந்ததில்லை. விம்பியின் கதவும் அப்படித்தான். அடுத்த முறை தொடுதிரையின் முன் நிற்கும்போது, எதை வாங்குவது என்று தெரிவு செய்வதற்கு முன்னால், கடையைச் சுற்றிப் பாருங்கள். கதிரைகளை எண்ணுங்கள். சமையலறைக்குள் இருப்பவளிடம் எத்தனை மணிக்கு வேலை முடிகிறது, எப்படி வீட்டுக்குப் போகிறாள் என்று கேளுங்கள். அங்கிருந்து தொடங்குவோம்.