ஆறு வயதுக்குள் அடமும் ஆவேசமும்: நோயறிதல் பற்றி எங்கள் நிலைப்பாடு

மூன்று நான்கு வயதுப் பிள்ளை கடிக்கிறது, தலையைச் சுவரில் முட்டுகிறது, வகுப்பில் ஒரு இடத்தில் உட்காருவதில்லை என்று புகார் வரத் தொடங்கியதும் பெற்றோர் இரண்டு குரல்களுக்கு நடுவே மாட்டிக்கொள்கிறார்கள். "அவங்க அப்பாவும் இப்படித்தான் இருந்தார், வளர்ந்தா சரியாயிடும்" என்கிறார்கள் வீட்டுப் பெரியவர்கள். "டாக்டர்கிட்ட காட்டி ரிப்போர்ட் வாங்கிட்டு வாங்க, அப்புறம்தான் அடுத்த டேர்ம்" என்கிறது பள்ளி. பெற்றோரும் குழந்தை நலப் பணியாளர்களும் சேர்ந்து நடத்தும் எங்கள் அமைப்புக்கு இரண்டுமே ஏற்புடையவை அல்ல. சந்தேகம் வந்தால் உடனே பரிசோதிக்க வேண்டும். பரிசோதனை முடிந்து பிரச்சினைக்கு ஒரு பெயர் கிடைக்கும்வரை உதவியை நிறுத்திவைக்கக் கூடாது. அந்தப் பெயரைப் பள்ளியில் இடம் கொடுப்பதற்கான நிபந்தனையாக்கவும் கூடாது.

முதலில் பார்க்க வேண்டியது காது. நடுக்காதில் நீர் கோத்த குழந்தைக்குச் சளி பிடிக்கும்போது காது மந்தமாகும், சளி விட்டதும் தெளியும். ஒரு நாள் கூப்பிட்டால் திரும்பும், மறுநாள் திரும்பாது. 'வேணும்னே நடிக்கிறான்' என்று பேர் வாங்கும். அடுத்தது தூக்கம். வாயைத் திறந்து குறட்டை விட்டுத் தூங்கும் குழந்தைக்கு அடினாய்டு சதை வளர்ந்திருக்கலாம். இரவில் சரியாக உறங்காத பெரியவர் பகலில் சோர்ந்து கிடப்பார். குழந்தையோ துள்ளும், எரிச்சலில் கத்தும். மூன்றாவது இரத்தம். தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின் ஐந்தாம் சுற்றில் (2019-21) தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் பாதிக்கு மேற்பட்டோருக்கு இரத்தசோகை இருப்பது தெரிந்தது. இரும்புச்சத்துக் குறைவு கவனத்தையும் மனநிலையையும் கெடுக்கும். பேச்சு வராத பிள்ளைக்குப் பல்வலியும் மலச்சிக்கலும்கூட அடிதடியாகத்தான் வெளிப்படும். சில நொடிகள் வெறித்துப் பார்த்துவிட்டு மீளும் ஒருவகை வலிப்பை 'கவனமே இல்லை' என்று ஆசிரியர் எழுதிவிடலாம். இவற்றில் பலவற்றைச் சாதாரணப் பரிசோதனையிலேயே கண்டுபிடித்துவிட முடியும். காதைக்கூடப் பார்க்காமல் எடுத்த எடுப்பில் எம்.ஆர்.ஐ. எழுதுவது எங்களுக்குப் புரியாத வழக்கம்.

ஆட்டிசத்தையோ ஏ.டி.எச்.டி. எனப்படும் கவனக்குறைவு மிகையியக்கக் குறைபாட்டையோ உறுதிசெய்ய இரத்தப் பரிசோதனையும் இல்லை, ஸ்கேனும் இல்லை. பிறந்தது முதலான வளர்ச்சி வரலாறு, குழந்தை விளையாடும் விதம், வீட்டில் சொல்வது, பள்ளியில் சொல்வது இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்துத்தான் முடிவுக்கு வர முடியும். ஏ.டி.எச்.டி. என்று சொல்வதற்கு ஒன்றுக்கு மேற்பட்ட சூழல்களில் அறிகுறிகள் தெரிய வேண்டும். பள்ளியில் மட்டும் அடங்காத குழந்தை என்றால் பள்ளியையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. வரிசையில் காத்திருந்து பார்க்கும் பதினைந்து நிமிடச் சந்திப்பில் எழுதித்தரப்படும் பெயரை நாங்கள் நோயறிதலாகக் கருதுவதில்லை.

காத்திருக்கலாமா என்ற கேள்விக்கு எல்லாக் குழந்தைக்கும் ஒரே பதில் கிடையாது. ஆட்டிசத்தை அனுபவமுள்ளவர் இரண்டு வயதை ஒட்டியே நம்பகமாக இனங்காண முடியும். விரலால் சுட்டிக் காட்டாதது, பெயர் சொல்லி அழைத்தால் பாராதது, கற்ற சொற்கள் மறைந்துபோவது ஆகியவை தெரிந்தால் ஒரு மாதம்கூடத் தள்ளிப்போடாதீர்கள். நான்கு வயதில் ஏ.டி.எச்.டி. என்று உறுதியாகச் சொல்வது இதைவிடக் கடினம். அந்த வயதுக்கே துறுதுறுப்பு அதிகம். ஆறு வயதுக்குக் கீழே மாத்திரைக்கு முன் பெற்றோர் பயிற்சிதான் முதல் சிகிச்சை என்கிறது அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகத்தின் 2019 வழிகாட்டுதல். நாங்களும் அதையே வலியுறுத்துகிறோம்.

உதவியைத் தொடங்கப் பெயர் தேவையில்லை. பேச்சுப் பயிற்சி, பெற்றோர் பயிற்சி, நாளின் ஒழுங்கை மாற்றியமைப்பது இவற்றுக்கெல்லாம் சான்றிதழ் எதற்கு? 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின்படி நடமாடும் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இருமுறை வர வேண்டும். வளர்ச்சித் தாமதத்தைக் கண்டறிவதும் அதன் வேலைதான். அங்கிருந்து மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்குக் கட்டணமின்றிப் போகலாம். குழு வரும் தேதியைப் பெற்றோருக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டும், எடையும் உயரமும் பார்ப்பதோடு நிறுத்தாமல் நடத்தை பற்றியும் தாயிடம் கேட்க வேண்டும் என்று சுகாதாரத் துறையைக் கோருகிறோம். தனியார் தெரபி சென்டருக்குப் போகிறவர்கள் பயிற்சியாளரின் இந்திய மறுவாழ்வு மன்றப் பதிவு எண்ணைக் கேட்கத் தயங்க வேண்டாம். 'போன் கொடுத்துக் கெடுத்துட்டீங்க' என்று மருத்துவர் தாயைக் கடிந்துவிட்டு அனுப்புவது நோயறிதலும் அல்ல, ஆலோசனையும் அல்ல. போனைக் குறைக்கத்தான் வேண்டும். ஆனால் அதைச் சொன்னதோடு மருத்துவரின் கடமை முடிந்துவிடாது.

சட்டத்தில் இரண்டு ஓட்டைகள் இருக்கின்றன. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 வகைகளில் ஆட்டிசமும் கற்றல் குறைபாடும் உண்டு, ஏ.டி.எச்.டி. இல்லை. சலுகைக்காக 'ஆட்டிசம்னு போட்டுக் கொடுங்க' என்று கேட்கும் பெற்றோரின் தவிப்பு எங்களுக்குப் புரிகிறது. ஆனால் அப்படி எழுதித்தருவதை எதிர்க்கிறோம். பட்டியலைத் திருத்தச் சொல்கிறோம். இன்னொன்று, கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரை உள்ளவர்களுக்கானது. எல்.கே.ஜி. குழந்தையை 'கூட்டிட்டுப் போயிடுங்க' என்று சொல்லும் பள்ளியை அந்தச் சட்டத்தால் தடுப்பது கடினம். மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் 16ஆம் பிரிவு அங்கீகாரம் பெற்ற பள்ளிகளில் பாகுபாடின்றிச் சேர்க்கச் சொன்னாலும், இன்னும் எந்தப் பெயரும் கிடைக்காத குழந்தை அதை எடுத்துக்காட்டி வாதாடுவது எளிதல்ல. பரிசோதனை நடக்கும் காலம் முழுவதும் குழந்தையின் இடத்தைப் பறிக்கக் கூடாது என்று மழலையர் பள்ளிகளுக்கான அங்கீகார விதிகளிலேயே பள்ளிக் கல்வித் துறை சேர்க்க வேண்டும்.

எந்தத் தெரபி சென்டரிடமிருந்தும் பரிந்துரைக்கான கமிஷனை எங்கள் அமைப்பு வாங்காது. பரிசோதனைக்குப் போகும் பெற்றோருக்கு, வீட்டில் நடப்பதைப் போனில் பதிவு செய்யவும், ஆவேசத்துக்கு முன்பும் பின்பும் நடந்ததை நோட்டில் எழுதவும் எங்கள் தன்னார்வலர்கள் உதவுவார்கள். பரிசோதனை அறிக்கை பெற்றோருக்குப் புரியும் தமிழில், அவர்கள் கையில் தரப்பட வேண்டும். அதில் எந்தப் பக்கத்தைப் பள்ளிக்குக் காட்டுவது, எதைக் காட்டாமல் வைத்துக்கொள்வது என்பதைப் பெற்றோரே முடிவு செய்வார்கள்.